பதினான்காம் நம்பர் வண்டி நின்ற இடம்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 2007 ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை. மதியம் 1.17-லிருந்து 2.50 வரை. இதில் ஒரு நிமிடம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. வண்டிக் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் பாலகுரு. அப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் பிக்கப் டிரைவர். என் வண்டி பதினான்காம் நம்பர். சோலையப்பனுடையது பதினைந்து. அவன் என் ரூம்காரன். புதுக்கோட்டைப் பக்கம். என்னைவிட நாலு வயது சின்னவன்.

அந்த வருஷம்தான் எல்லா வண்டியிலும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகம், இஞ்சின் ஓடுகிறதா, எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும். முதலாளிக்கு எங்கள் மேல் அவ்வளவு பாசம். ஒன்றுக்குப் போக ஓரங்கட்டினால்கூடப் போன் வரும். சொல்லாமல் வழி மாறினால் மெமோ. மூன்றாவது மெமோ வந்தால் விசா கேன்சல், நேரே ஏர்போர்ட். எனக்கும் சோலைக்கும் ஆளுக்கு இரண்டு ஆகியிருந்தது.

அது எங்களை வேவு பார்த்தால் நாங்கள் அதை ஏய்க்கக் கூடாதா? கராஜ் எலக்ட்ரீஷியன் ரெங்கராஜ் வழி சொல்லிக்கொடுத்தார். பெட்டியைக் கழற்றி, வண்டியின் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற மாதிரி ஒரு வயரைப் போட்டு, இன்னொருவன் வண்டியில் கொடுத்துவிட வேண்டும். ஆபீஸ் கண்ணுக்கு இரண்டு வண்டியும் சேர்ந்தே டெலிவரிக்குப் போகும். பெட்டியைக் கொடுத்தவன் தன் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம். நாலைந்து தடவை செய்திருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

லீவு முடிந்து ஊரிலிருந்து வருகிறவரிடம் நம் வீட்டில் பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். அவர் இருக்கிற இடத்துக்கு நாம்தான் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். சோலையின் மனைவி வீரம்மாள் கொடுத்துவிட்ட பொட்டலம், அல் மதாம் தாண்டி மணலுக்குள் இருந்த ஒரு பண்ணையில், அவன் ஊர்க்காரர் ஒருவரிடம் இருந்தது. கருவாடு, பருப்புப்பொடி, அப்புறம் ஏழு மாதப் பெண்குழந்தையின் போட்டோ. சோலை அந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை. மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரரை ஓமன் எல்லைப் பக்கம் மாற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியாது.

காலை 11.40-க்குப் பெட்டியை என்னிடம் கொடுத்தான்.

"அண்ணே, நாலு மணிக்குள்ள வந்துருவேன்."

"தண்ணி எடுத்துக்கிட்டியாடா?"

"பண்ணையில குடிச்சுக்கறேண்ணே."

நான் நகரத்துக்குள் இருந்த அல் குசைஸ் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.50. கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். பைப் இறக்க ஆள் இல்லை. சுவரோரம் நிறுத்தி, ஏ.சி.க்காக இஞ்சினை ஓடவிட்டுச் சாய்ந்துகொண்டேன். சோலையின் பெட்டி பக்கத்து சீட்டில் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு பூனைகூட இல்லை.

1.17.

டிங்... டிங்... டிங்...

நூற்றிருபதைத் தாண்டினால் அடிக்கும் எச்சரிக்கை மணி. வண்டியோ நின்றுகொண்டிருக்கிறது. ஸ்பீடு முள் பூஜ்யத்தில் இருக்கிறது. இருபது வினாடி அடித்துவிட்டு அதுவாக நின்றது. வெயிலில் வயர் ஏதாவது இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

1.44.

கிர்ர்ர்ர்...

வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. மணலில் புதைந்த டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிற சத்தம். ஒரு தடவை மாட்டிக்கொண்டவனுக்கு அது மறக்காது. இறங்கிப் பார்த்தேன். கீழே தார் ரோடு. நாலு டயரும் அசையாமல் நின்றன. ஏறிக் கதவைச் சாத்தினேன்.

கிர்ர்ர்ர்...

சோலைக்குப் போன் போட்டேன். அரபியில் ஒரு பெண் குரல் பேசியது. லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அதே குரல்.

2.12. பக்கத்து சீட்டின் பெல்ட் விளக்கு எரிந்தது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் எரிகிற விளக்கு அது. உள்ளங்கை அகலப் பெட்டிக்கு எரியாது. ஆனாலும் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

விளக்கு அணையவில்லை.

உச்சி வெயிலில் தனியாக நிற்காதே என்று ஊரில் சொன்னவர்களை எல்லாம் கேலி செய்தவன் நான். அன்றைக்கு வாயில் எச்சில் ஊறவில்லை.

2.31. தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலை எடுத்தேன். காலையில் வாங்கிய ஒன்றரை லிட்டர் பாட்டில். இரண்டு மடக்குதான் குடித்திருந்தேன்.

காலியாக இருந்தது.

மூடி இறுகியிருந்தது. சீட் நனையவில்லை. கீழேயும் ஈரமில்லை.

அப்புறம் கேட்டது...

மூச்சு.

பக்கத்து சீட்டிலிருந்து. வாயைத் திறந்து இழுக்கிற மூச்சு. விட்டு... விட்டு...

"சோலை?"

மூச்சு மட்டும்.

2.50. போன் அடித்தது. அலறியே விட்டேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஹபீப் முகம்மது. கீழக்கரைக்காரர்.

"பாலகுரு, எங்க நிக்கிற?"

"குசைஸ்ல பாய்."

"பொய் சொல்லாத. பதினஞ்சுதான் குசைஸ்ல நிக்குது. உன் வண்டி மதாம் தாண்டிப் பாலைவனத்துல நிக்குது. ஒரு மணி நேரமா அசையல. இஞ்சின் ஓடுது."

குனிந்து பார்த்தேன். என் பெட்டி என் டாஷ்போர்டுக்கு அடியில், திருகிய ஆணியோடு அப்படியே இருந்தது.

"என்னப்பா, மணல்ல மாட்டிக்கிட்டியா? உதவி கிதவி வேணுமா? ஆள அனுப்பவா?"

எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. அங்கே மாட்டிக்கொண்டு நிற்பது சோலைதான் என்று சத்தியமாகப் புரிந்தது. அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி விஷயம் வெளியே வரும். இரண்டு பேருக்கும் மூன்றாவது மெமோ. இரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும்.

பக்கத்தில் அந்த மூச்சு நின்று... நின்று... இழுத்தது.

"வேணாம் பாய். பொட்டி கம்ப்ளெய்ன்ட்."

"அப்படியா... சரி, ரீசெட் பண்றேன்."

பெல்ட் விளக்கு அணைந்தது.

மூச்சும் நின்றது.

நாலு மணிக்குச் சோலை வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. எட்டு மணிக்கு அவன் பெட்டியை, கேம்ப்பில் அவன் வண்டி நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பழைய பேட்டரியில் மாட்டி வைத்தேன். பதினைந்தும் பத்திரமாக வந்துவிட்டது என்று ஆபீஸ் நினைக்கட்டும் என்று. பண்ணையில் சாப்பிட்டுப் படுத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு இதைவிட வேறு பெயர் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஹபீப் பாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. முந்தைய நாள் பதிவைப் பிரின்ட் எடுத்தார். ரீசெட் செய்வதற்கு முன் பதினான்காம் நம்பர் வண்டி நின்றதாகக் காட்டிய இடத்துக்கே போலீசை அழைத்துப் போனோம்.

10.20-க்குக் கண்டுபிடித்தார்கள். அதே இடம். பின்சக்கரம் இரண்டும் பாதி மணலில் புதைந்து, பதினைந்தாம் நம்பர் வண்டி. டீசல் தீர்ந்திருந்தது. சோலை வண்டிக்கு அடியில், நிழலுக்காக ஊர்ந்து போய்க் கிடந்தான். பண்ணைக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.

என் பெட்டி எப்படி அந்த இடத்தைக் காட்டியது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. வந்து பார்த்த எஞ்சினீயருக்கும் தெரியவில்லை. என்னைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள்.

ரூமில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். 'செத்தவன் உன்கிட்டச் சொல்லிக்க வந்திருக்கான். நீ என்ன பண்ண முடியும்?' நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பெல்ட் விளக்கு எரிந்த 2.12-க்கே போய்ச் சேர்ந்துவிட்டான், வந்தது அவன் ஆவி, நான் போனில் சொன்ன பொய்யால் எதுவும் மாறியிருக்காது. அந்த நினைப்பில்தான் ஐந்து மாதம் சோறு இறங்கியது.

ஜனவரியில், வீரம்மாளுக்கு ஏதோ பணம் வர வேண்டும் என்று, அரபியில் இருந்த இறப்புச் சான்றிதழைத் திருச்சியில் ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கினேன். அவள் வீட்டு வாசலில் வைத்துத்தான் பிரித்தேன். மடியில் குழந்தையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இறந்த நேரம்: மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்.

மறுபடியும் படித்தேன். மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில். அதாவது என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது சோலை சாகவில்லை. நான் வேணாம் என்று சொன்ன பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறான்.

"என்னண்ணே எழுதியிருக்கு?" என்று கேட்டாள் வீரம்மாள்.

தேதியை மட்டும் படித்துக் காட்டினேன்.