குரலுக்கு நாலு மணி

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை உர மானிய விண்ணப்பங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, காதருகே ஓர் ஆண் குரல் "கள்ளன்" என்றது. திரும்பினேன். யாருமில்லை. அந்த வாரம் முழுவதும் அதையே சொன்னது. பதிவேட்டில் ஒரே பெயரை இரண்டு தரம் எழுதியதும் சீஃப் கிளாக்கரிடம் போய்ச் சொன்னேன்.

"பேர் சொல்லியா கூப்பிட்டிச்சி?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

"அப்ப பொதுவாத்தான் சொல்லியிரிக்கி. இந்தக் கந்தோர்ல அது ஆருக்கும் பொருந்தும். நீங்க ஏன் தம்பி மனசுல எடுக்கிறீங்க?"

மனைவி ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்க, நான் பக்கத்துல இரிக்கன்" என்றாள். அவள் இருந்தது நிம்மதியாக இருந்தது. குரலும் கூடவே இருந்தது. ஆஸ்பத்திரி டொக்டர், "இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான், வெக்கப்பட ஒண்டுமில்ல" என்று குளிசை தந்தார். ஏச்சு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி என்னோடு வேலைக்கு வந்தது.

ஒருநாள் காலை அது விடாமல் ஏசியது. பொறுமையிழந்து, என் சேவைக்காலத்தில் அதிகம் சொன்ன வாக்கியத்தை உரக்கச் சொல்லிவிட்டேன்: "இண்டைக்கு ஏலா, நாளைக்கு வாங்க!"

குரல் நின்றது. ஆனால் கவுண்டருக்கு முன்னால் நின்ற, நாவிதன்வெளிக் கிராமத்து விவசாயி ஒருவர் கடதாசியை மடித்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணன், உங்களச் சொல்லல்ல!"

"வேற ஆரும் இல்லியே, கிளாக்கர் ஐயா?"

மறைக்க வழியில்லை. "எண்ட காதுக்குள்ள ஒருத்தன் ஏசுறான். அவனத்தான் சொன்னன்."

பயந்து விலகுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "நானும் உங்கட 'நாளைக்கு வாங்க'வ நம்பி நாலுதரம் வந்திட்டன். அவனும் வருவான். நேரத்தச் சொல்லி அனுப்புங்க. இல்லாட்டி விடிஞ்சோடன வந்து நிப்பான்."

அவருடைய விண்ணப்பத்தை அப்போதே முடித்துக் கொடுத்தேன். குரலுக்குப் பின்னேரம் நாலு மணி குறித்தேன். இடையில் வந்தால், "நாலு மணிக்கு" என்பேன், பெரும்பாலும் அடங்கும். நாலு மணிக்குச் சைக்கிள் கொட்டிலில் பத்து நிமிடம் நின்று அது சொல்வதைக் கேட்பேன். பிறகு "போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவேன். குளிசையையும் விடவில்லை. குரல் முற்றாகப் போகவில்லை. ஆனால் என் பகல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

குரலுக்கே நேரம் கொடுக்கிறவன் மனிதருக்குக் கொடுக்காமல் விடுவது வெட்கமாக இருந்தது. கவுண்டருக்கு வந்தவர்களுக்கும் நாளும் மணியும் சொல்லத் தொடங்கினேன். சீஃப் கிளாக்கர் பதறிப்போனார்.

"என்ன தம்பி செய்றீங்க? நேரம் சொன்னா சனம் நம்பி வந்திருமே!"

வந்தார்கள்.