ஒரு முடிச்சு கூடுதல்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கயித்தக்கா என்று கேட்டால் போதும், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பிள்ளைகள் வைத்த பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கயிறு வந்த கதையைச் சொல்வதென்றால் பள்ளிக்கூடம் பறிபோன கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தெருக்கோடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை. அவளும் அங்கேதான் படித்தாள். அவள் மகளும் அங்கேதான் இரண்டாம் வகுப்பு. வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒருநாள் திடீரென்று கண் திறந்தது. பிள்ளைகள் குறைவாம், கட்டடம் பழசாம். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு இதைச் சேர்த்துவிடப் போகிறார்களாம். பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். அதிகாரி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"மூடறோம்னு சொல்லாதீங்கம்மா. இணைக்கிறோம்," என்றார்.

"எங்க கடையில ஒரு சட்டையைக் கிழிச்சு இன்னொரு சட்டையோட ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டு, இணைச்சிருக்கோம்னு சொன்னா நீங்க வாங்கிக்குவீங்களா சார்?" என்றாள் இவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரிக்கிற அதிகாரியை நம்பக் கூடாது என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பெரிய ரோட்டைத் தாண்டப் பக்கத்தில் இருக்கும் ஒரே வழி, அதற்கடியில் போகும் சுரங்கப்பாதை. லாரியும் அதில்தான், நடக்கிறவனும் அதில்தான். ஓரத்தில் ஒரு ஆள் ஒண்டிப் போகிற அளவுக்கு மேடை. பட்டப்பகலிலும் உள்ளே கண் தெரியாது. மழை பெய்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பள்ளி பஸ்ஸாவது விடுங்கள் என்றாள். அதிகாரி வரைபடத்தை விரித்து, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"நடக்கிற தூரம்தாம்மா. விதிப்படி பஸ் கிடையாது."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? வரைபடத்தில் இருட்டும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அன்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. அவளுக்கு ஒரு அண்ணன் உண்டு. அவள் தொட்டிலில் கிடந்த காலத்தில் இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் கிடையாது; பிள்ளைகள் அதே சுரங்கம் வழியாக அதே பெரிய பள்ளிக்குத்தான் போவார்கள். இரண்டாம் வகுப்புப் படித்த அண்ணன் ஒரு மழைநாள் காலையில் அதற்குள் போனான். அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. அவனுடைய பை மட்டும் சுரங்கத்தின் இந்தப் பக்கத்து வாயிலுக்கு மிதந்து வந்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவனை எடுத்தார்கள்.

அம்மா அழுது முடித்த கையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். செருப்புத் தேய, இனி ஒரு பிள்ளையும் அந்த வழியாகப் போகக் கூடாது என்று சண்டை போட்டு, தெருவுக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்தாள். எதற்காகத் திறந்தார்கள் என்பது திறந்தவர்களோடு போயிற்று. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அம்மா சாகும்வரை "ரெண்டு" என்றுதான் சொன்னாள். எதைப் பங்கு வைத்தாலும் அவள் கையில் ஒரு பங்கு கூடுதலாக விழும்.

இவளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு இன்னும் ஏழு வயதுதான். அதைக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை? இறந்த பிள்ளையை முன்னால் நிறுத்திப் பிச்சை கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று கூசினாள். கண்ணெதிரே உயிரோடு நிற்கிற பிள்ளைகள் போதாதா என்றும் நினைத்தாள்.

போதவில்லை. பள்ளியைப் பூட்டினார்கள். பெயர்ப்பலகையை வெள்ளையடித்து மறைக்கும் வேலை, வேறு யாருக்கும் இல்லை, பெயிண்டரான அவள் புருஷனுக்கே வந்தது. ஒரு பூச்சு அடித்தான். காய்ந்ததும் எழுத்து மேலே வந்தது. மறுபடி அடித்தான், மறுபடியும் வந்தது.

"பெயிண்ட்டுல தண்ணி கலந்துட்டியா?" என்றாள்.

"என் பெயிண்ட்டுல குத்தமில்ல. அந்தப் பலகைக்குப் போக மனசில்ல," என்றான் அவன். எப்போதும் கேலி பேசுகிறவன், அன்று கேலியாகச் சொல்லவில்லை. ஏணியைச் சுவரோடு விட்டுவிட்டு வந்துவிட்டான்.

அந்தக் கயிறு, சலவைக் கடையில் துணி காயப்போடுகிற கயிறுதான். தெருப் பிள்ளைகளைக் காலையில் தானே நடத்திக் கூட்டிப்போவதென்றும், சாயங்காலம் மற்ற பெற்றோர் முறைபோட்டுக் கூட்டிவருவதென்றும் முடிவுசெய்து, பிள்ளைக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டாள். முன்னால் கயிற்றின் தலைப்பு அவள் கையில். அடுத்து அவள் மகள், பிறகு வரிசையாகச் சின்னவர்கள், கடைசியில் உயரமான நெட்டச்சி. ஒவ்வொருவரும் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஒட்டி நடக்க வேண்டும். அக்கா "விடு" என்று சொல்லும்வரை யாரும் விடக் கூடாது. சுரங்கம் தாண்டி நடைபாதை வந்ததும் "விடு" என்பாள். குருவிக்கூட்டம் கலைந்த மாதிரி ஓடுவார்கள்.

முதல் நாள் வரிசை நிறுத்தியபோது ஒரு முடிச்சு மிஞ்சியது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. கைக்கணக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. அவிழ்க்கப் பார்த்தாள், நகம்தான் உடைந்தது. நெட்டச்சிக்குப் பின்னால் அது தரையில் இழுபட்டு வரும். பிள்ளைகள் அதற்கு 'வராதவன் முடிச்சு' என்று பெயர் வைத்தார்கள்.

சில நாட்கள் ஒன்றுமில்லை. ஒருநாள் சுரங்கத்தின் நடுவில் கயிறு விறைத்தது.

"அக்கா, பின்னாடி யாரோ புடிக்கிறாங்க," என்றாள் நெட்டச்சி.

"எங்கயாவது மாட்டியிருக்கும், உதறிட்டு வா."

"மாட்டல அக்கா. நம்ம கூடவே வருது."

கயித்தக்கா திரும்பிப் பார்த்தாள். நெட்டச்சிக்குப் பின்னால் கயிறு தரையைத் தொடவில்லை. ஒரு சின்னப் பையனின் கை உயரத்தில் நேராக நின்றது. அதற்குப் பின்னால் இருட்டு.  சட்டென்று முன்னால் திரும்பி நடந்தாள். நடைபாதை வந்ததும் "விடு" என்றாள். பிள்ளைகள் ஓடினார்கள், கயிறு தொப்பென்று தரையில் விழுந்தது. கடைசி முடிச்சு நனைந்திருந்தது. மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

பிறகு தினமும் இதுதான். பிள்ளைகள் பயந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர்கள் பயப்படவில்லை. வராதவன் வந்துட்டான் என்று அவனோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது மகள் சொன்னாள்:

"அம்மா, அவனும் என் க்ளாஸ்தானாம். பை தொலைஞ்சு போச்சாம். பை இல்லாமப் போனா மிஸ் அடிப்பாங்கன்னு பயப்படறான்."

கயித்தக்காவின் கை தட்டிலேயே நின்றது. அந்தப் பை படுக்கையறை அலமாரியின் மேல், அம்மாவின் பழைய போர்வைக்கு அடியில் இருக்கிறது. மாமன் ஒருவன் இருந்தான் என்பதையே மகளிடம் அவள் சொன்னதில்லை.

அண்ணன்தான், சந்தேகமில்லை. ஆனால் அண்ணன் என்று தெரிந்ததும் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? அதிகம்தான் ஆயிற்று. ஒருநாள் வரிசை நடுவழியில் நின்றுவிட்டது. ஏன் என்று கத்தினால், "அவனுக்குக் கால் வலிக்குதாம், கொஞ்ச நேரம் நிக்கலாம்னு சொல்றான்" என்றார்கள். சின்னவன் ஒருவன் அவனோடு உட்கார மேடையிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி உரசிக்கொண்டு போயிற்று. அவனுடைய செருப்பு ஒன்று லாரியோடு போனது. கால் மயிரிழையில் தப்பியது. அன்று கடையில் ஒரு வேட்டியைத் தீய்த்துவிட்டாள். துணைக்கு ஆள் சேர்க்கிறானா? இத்தனை வருஷம் தனியாக இருந்தவன். என் மகளைக் கேட்டால் என்ன செய்வேன்? பெற்றவள் மனசு கூடப்பிறந்தவனைக்கூடச் சந்தேகப்பட்டது. மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே அலுவலகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் நின்றாள்.

"சார், பஸ் வேணாம். நீங்க ஒரே ஒரு தடவை எங்க கூட நடந்து வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

தொல்லை விட்டால் போதும் என்று அவரும் வந்தார். நல்ல பாலிஷ் போட்ட ஷூ. கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"நானும் புடிக்கணுமா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம் சார். உயரமானவங்க கடைசியில."

நெட்டச்சியை ஒரு முடிச்சு முன்னால் தள்ளி, அவள் இடத்தில் அவரை நிறுத்தினாள். அன்று யாரோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் இடம் இருந்தது. வேண்டுமென்றேதான் செய்தாள், அதில் அவளுக்கு வெட்கமில்லை. உள்ளே நுழையும்போது அதிகாரி விளக்குப் போடுவது பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் அவர் பேச்சு நின்றது. 

வெளிச்சத்துக்கு வந்து "விடு" என்றாள். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அதிகாரி மட்டும் முடிச்சை விடாமல் நின்றார். பேயறைந்த மாதிரி என்கிறோமே, அந்த முகத்தை அன்றுதான் அவள் நேரில் பார்த்தாள்.

"எனக்குப் பின்னாடி வந்த பையன் எங்கம்மா?"

"உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்லையே சார். நீங்கதான் கடைசி."

"இல்லம்மா. என் சட்டையப் புடிச்சு இழுத்து, ஸ்கூல் இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டான்."

அவர் சட்டையின் பின்பக்கம், இடுப்புக்கு மேலே, ஒரு சின்னக் கையளவுக்கு ஈரம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அந்த வாரமே பஸ் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் மேம்பாலம் சுற்றிப் போகும் பஸ். விதி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. தெருவே கயித்தக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவள் முகத்திலோ எள்ளும் கொள்ளும் வெடித்தது. உயிரோடிருக்கிற இத்தனை பிள்ளைகளைக் காட்டிக் கேட்டபோது அசையாதவர்கள், செத்த ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததும் ஓடிவந்தார்கள். அவள் காட்டக் கூசிய பிள்ளை, தானே போய் நின்றுவிட்டான்.

பஸ் வந்த முதல் நாள் மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அம்மா, அவன் எப்படி வருவான்?"

"அவனும் பஸ்ஸுல வரட்டும்."

"அவனுக்கு அங்கிருந்து தனியா வெளிய வரத் தெரியாதும்மா. கயிறு இருந்தாத்தான் வருவான்."

பஸ் போய்விட்டது. அவள் கடைக்குப் போனாள். ஒரு சட்டையைத் தேய்த்தாள், அதையே மறுபடி தேய்த்தாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. பெட்டியை நிறுத்திவிட்டு, முதலாளியிடம் வீட்டில் ஒரு வேலை என்று சொல்லி வெளியே வந்தாள். வீட்டு அலமாரி மேலிருந்து பையை எடுத்துத் தட்டித் தோளில் மாட்டினாள். கயிற்றையும் எடுத்துக்கொண்டாள்.

சுரங்கத்துக்குள் தண்ணீர் கூடத் தொடங்கியிருந்தது. நடுவில் போய் நின்றாள். கயிறு ஈரத்தில் செத்த பாம்பாகக் கிடந்தது. இன்று யாரும் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டானோ?  வாழ்நாளில் யாரையும் கூப்பிடக் கிடைக்காத வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அண்ணா."

கயிறு மெல்ல எழுந்து நேராக நின்றது.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நடைபாதை வந்தது, "விடு" என்று சொல்லவில்லை. ரோட்டோரமாக, பெட்டிக்கடை தாண்டி, மழையில் நனைந்துகொண்டே நடந்தாள். பிடி தளரவில்லை. பெரிய பள்ளியின் வாசல் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் குடைக்கடியில் குனிந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"லேட்டு. யாரைக் கொண்டுவந்திருக்கீங்க?"

"எங்க அண்ணனை."

"எந்த க்ளாஸ்?"

"ரெண்டாவது."

நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுகிறவர், தலை நிமிராமலே ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்குக் கதவைத் திறந்தார். பையைக் கேட்டுக் கையை நீட்டினார். வாங்கி, பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும் என்று உள்பக்க ஆணியில் மாட்டினார். "விடுண்ணா," என்றாள் அவள். கயிறு தரையில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

"சாயங்காலம் கூப்பிட யார் வருவாங்க?" என்றார் வாட்ச்மேன்.

அதை அவள் யோசிக்கவில்லை. அம்மாவைத்தான் சொல்லவேண்டும், அம்மா இல்லை.

"நான்தான் வருவேன்."

"மழை வலுக்குது. சீக்கிரம் வந்துடுங்கம்மா. சின்னப் புள்ளை, தனியா நின்னா பயந்துக்கும்."