முதல் ஆளாக நடப்பவர்

எங்கள் கம்பெனி கண்ணிவெடியைத் தேடி எடுக்கும் ரோபோ செய்கிறது. நேற்று ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் அதற்குச் சோதனை. பார்க்க வந்த ராணுவ வீரர்களின் பூட்ஸ் பாலிஷ் வாசனை வெயிலில் கிளம்பி மூக்கில் ஏறியதும், நான் சின்ன வயதில் இருந்த ஜீவனஹள்ளி வீட்டு வாசலுக்கு மனசால் போய்விட்டேன்.

அப்பா ராணுவத்தில் கண்ணிவெடி எடுப்பவர். லீவில் வந்தாலும் பூட்ஸைத் தேய்க்காமல் காபி குடிக்கமாட்டார். பழைய பனியன் துணியில் பாலிஷைத் தொட்டு, எச்சில் துப்பி, வட்டவட்டமாகத் தேய்ப்பார். அவர் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெடி எடுத்த இடத்தில், எடுத்தவர்தான் முதலில் நடக்க வேண்டும். அதைக் கேட்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அதான் எடுத்தாச்சே, அப்புறம் நீங்களே போய் எதுக்கு மிதிக்கணும்?”

“நானே மிதிக்கலன்னா, பின்னாடி வர்ற பசங்க எதை நம்பிக் கால வெப்பாங்க?” என்பார் அப்பா. ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் நடந்தார்.

நேற்று சோதனை முடிந்து, எல்லா வெடியும் எடுத்தாயிற்று என்று ரோபோவின் திரை பச்சையானது. “இனிமே தைரியத்துக்கெல்லாம் வேலையே இல்ல, எல்லாம் மெஷின்தான்” என்று வீரர்களிடம் சொன்னார் எங்கள் மேனேஜர்.

புதைத்திருந்தவை பயிற்சி வெடிகள். ஒன்று தப்பியிருந்து மிதித்தால் உயிர் போகாது, பாதம் வெந்துவிடும்.

“அப்ப நீங்க முதல்ல நடங்க சார்” என்றேன்.

“ஸ்கிரீன்லயே தெரியுதே மேடம், சும்னே எதுக்கு ரிஸ்க்?” என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

அந்த ரோபோவுக்கு வெடியை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தவள் நான். செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டுப் பொட்டலில் இறங்கினேன். மண் சுட்டது. பாதி தூரம் போனதும் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது, ஒன்றல்ல, பல. நான் திரும்பிப் பார்க்கவில்லை.