வேர் பிடிக்கட்டும் என்று நிறுத்திய மாத்திரை

குத்தாலத்துப் பக்கம் வேம்பு என்று விசாரித்தால், "நடவு வேம்புவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்து, பிறகு குத்தகை பிடித்து, கடைசியில் சொந்த நிலத்தில் கால் வைத்த ஆள். அவர் நட்ட வயல் சோடை போனதே இல்லை. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட கை நடுங்கத் தொடங்கியதும் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். பார்க்கின்சன் நோய் என்றார்கள். தஞ்சாவூரில் டாக்டர் சுடர்விழி புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மூளையில டோபமைன் சுரக்கிற செல் செத்துப்போச்சுங்கய்யா. ஸ்டெம் செல்லைக் கொண்டாந்து அந்த இடத்துல வைக்கப்போறோம், உங்க நடவு மாதிரி. கூடவே ஒரு மாத்திரை. அதை விடவே கூடாது."

"நடவா? எங்கிட்டயேவா சொல்றீங்க!" என்று சிரித்தார் வேம்பு.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தார். மகள் எழில்மொழி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனதும், அது வாய்க்காலுக்குப் போனது. வேர் பிடிக்குமுன் யூரியா தெளித்தால் நாற்று கருகிவிடும். வேம்புக்குத் தெரியாத சங்கதியா? முதலில் வேர் பிடிக்கட்டும், மருந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் கழித்து மகளோடு பரிசோதனைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பழக்கமாகியிருந்த வேதாரண்யத்து உப்பளக்காரர் மீரா உசேனும் வந்திருந்தார். அதே ஆபரேஷன் போன வாரம்தான் அவருக்கு முடிந்திருந்தது. இருவரையும் சேர்த்தே உட்காரவைத்தார் டாக்டர்.

"செல் உயிரோடதான் இருக்கு. ஆனா டோபமைன் செல்லா மாறவே இல்லையே. மருந்துதான் சரியில்லையோ? மாத்திரை போட்டீங்கல்லய்யா?"

"ஒரு வேளை தவறலம்மா," என்றார் வேம்பு.

மீரா உசேனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அண்ணன் கெட்டிக்காரரும்மா! வேர் பிடிக்கிற வரைக்கும் மாத்திரை வேணாம்னு போன்ல சொன்னாரு. நானும் அப்படியே நிறுத்திட்டேன்."

எழில்மொழி அப்பாவைப் பார்த்தாள். வேம்பு தரையைப் பார்த்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அய்யா, நாங்க வச்சது நெல்லாகுமா புல்லாகுமான்னு இன்னும் முடிவாகாத செல்லு. அதை நெல்லாக்கத்தான் அந்த மாத்திரை. இது உரம் இல்லைங்கய்யா."

"எனக்குப் போனது போவட்டும். பாய்க்கு?"

"அவருக்கு இன்னைக்கே ஆரம்பிச்சா பிடிச்சிடலாம். உங்களுக்குக் காலம் தாண்டிருச்சோன்னு பயமா இருக்கு."

வேம்பு துண்டை விலக்கினார். மகளின் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, பாய்க்காக ஒன்றைப் பிரிக்கப் பார்த்தார். விரல்கள் எல்லார் முன்னாலும் உதறின. மாத்திரை தெறித்துத் தரையில் உருண்டது. மறைக்க நினைக்காமல் இன்னொன்றைப் பிரித்தார்.

வாங்கிக்கொண்ட மீரா உசேன் ஆறுதலாகத்தான் சொன்னார்: "உப்பளமா இருந்தா நான் யார்ட்டயும் கேட்டிருக்க மாட்டேண்ணே. டாக்டரம்மா நடவுன்னாங்க. அதான் உங்களக் கேட்டேன்."