ஒட்டகச்சிவிங்கிக்கு வளைகாப்பு

என் கொண்டையில் இருந்த பூவைத் தின்றுதான் அவள் பிரபலமானாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த வீடியோவில் என் முகம் தெரியாது. ஒரு முதுகு, ஒரு முழம் மல்லிகை, மேலேயிருந்து இறங்கி வரும் நீளமான கறுத்த நாக்கு, அவ்வளவுதான். நான் குனிந்து அகத்திக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பூவை மொத்தமாக உருவிச் சாவகாசமாக மென்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என் தலையை முகர்ந்து பார்த்தாள். சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே அதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கள்கூட அதைப் பார்த்திருந்தார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு தனியார் விலங்குப் பூங்கா அது. அந்த ஒட்டகச்சிவிங்கிக்குத் தழை வெட்டிப் போட்டுக் கொட்டகை கழுவுவது என் வேலை. வீட்டில் நான், மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டும் என் கணவர், என் மாமியார். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. செங்கல்பட்டில் நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் கடையில் நின்றாலும் யாராவது விசேஷம் உண்டா என்று கேட்டுவிடுவார்கள். கொட்டகையில் அந்தத் தொல்லை கிடையாது. அந்த வேலையில் எனக்கிருந்த பெரிய சம்பளமே அதுதான்.

பூ வீடியோவுக்குப் பிறகு கூட்டம் கூடியது. அவள் முகத்தின் உயரத்துக்கு ஒரு மர மேடை கட்டினார்கள். அதில் ஏறித் தழை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒன்றும் இல்லாதவர்களைக்கூட ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். மனுஷர்கள்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் அந்த நம்பிக்கையை வளர்த்ததில்லை, அது அவளுடைய குணம்.

அவள் சினையாக இருக்கிறாள் என்று பூங்காவுக்கு வரும் கால்நடை டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே சின்ன முதலாளிக்கு யோசனை உதித்துவிட்டது. பசுவுக்கு வளைகாப்பு, நாய்க்கு வளைகாப்பு என்று போடுகிறார்களே, நம்ம பொண்ணுக்குப் போட்டால் என்ன? டாக்டரம்மா கண்டிப்பாக ஒன்று சொன்னார். "என்ன வேணா பண்ணுங்க. அரிசிச் சோறு மட்டும் ஒரு வாய்கூட அதுக்குப் போகக்கூடாது. அசைபோடற வயிறு, உள்ள போய்ப் புளிச்சிடும். பொங்கல் வச்சுக் குடுத்துக் குடுத்துத்தான் வருஷா வருஷம் மாடுங்க சாகுது."

வளைகாப்பு நல்லபடியாகவே நடந்தது. கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்து மேடைக் கம்பியில் தொங்கவிட்டோம். அவள் அவற்றை நக்கி நக்கிக் குலுங்கவிட்டாள். புளிசாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வந்தவர்களுக்கு, தழை அவளுக்கு. போகும்போது பெண்கள் ஆளுக்கு இரண்டு வளையல் கழற்றிக்கொண்டு போனார்கள். வளைகாப்புக்காரியின் வளையலைப் போட்டுக்கொண்டு, அவள் வாய்பட்ட சாதத்தைச் சாப்பிட்டால் பிள்ளை நிற்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. கொஞ்ச நாள் கழித்து, அன்றைக்கு வந்த ஒரு பெண் தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அந்த வளையலைக் காட்டி அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று.

டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தழை கொடுப்பதுபோல் மேடை ஏறி, முந்தானையிலிருந்து உருண்டையை எடுத்து நீட்டுவார்கள். அவள் நக்கியது போக மிச்சத்தைத் தங்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள். நான் கையைத் தட்டிவிட்டேன், கத்தினேன், ஒரு டப்பாவைப் பிடுங்கிக் கீழேகூடப் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அந்த டப்பாக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனுக்கு எத்தினி புள்ள?"

நான் குனிந்து சிதறிய சோற்றை அள்ளினேன்.

"அதான பார்த்தேன். வயித்தெரிச்சல்ல பேசிகினு கீது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். வரிசையில் இருந்த இன்னொருத்தி என் கையைப் பிடித்து, "நீயும் ஒரு வாய் துன்னுக்கா, நல்லது நடக்கும்" என்றாள். கையை உதறிக்கொண்டு கீழே இறங்கினேன். அன்றிலிருந்து மேடையில் என் பேச்சு எடுபடவில்லை. டாக்டரம்மா சொன்னதையேதான் நானும் சொன்னேன், ஆனால் பிள்ளையில்லாதவள் சொன்னால் அதற்குப் பெயர் பொறாமை. மேடையைப் பூட்டிவிடுங்கள் என்று சின்ன முதலாளியிடம் கேட்டேன். "பொங்கல் முடியட்டும்க்கா, பார்த்துக்கலாம்" என்றார்.

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் பாதி எங்களிடம் வந்ததுபோல் இருந்தது. எல்லார் கையிலும் பொங்கல், வெல்லமும் நெய்யும் போட்டது. வாசனைக்கு அவளும் கழுத்தை நீட்டி நீட்டி வாங்கினாள். தடுக்கப் போன என்னை மேடையிலிருந்து தள்ளிவிட்டார்கள். கீழே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. எப்போதும் நானே போட்டுச் சாப்பிடுவேன். அன்றைக்கு மாமியார் தட்டில் பொங்கல் வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பசியில் ருசியாக இருந்தது, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவள் அசைபோடவில்லை. போட்ட அகத்தி போட்டபடி கிடந்தது. வயிறு ஒரு பக்கம் உப்பியிருந்தது. மத்தியானம் முன்னங்காலை மடக்கிப் படுத்தாள். அவ்வளவு உயரமான பிராணி படுத்துவிட்டால் எழுப்புவது லேசில்லை. டாக்டரம்மா குழாய் விட்டுச் சோடா உப்புத் தண்ணீர் ஏற்றினார், ஊசி போட்டார், எங்களையெல்லாம் கழுத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் தலை என் மடியில் கனத்தது. பழக்கத்தில் என் கொண்டையை ஒரு தடவை முகர்ந்தாள். அன்றைக்கு நான் பூ வைத்திருக்கவில்லை.

கழுத்து சரிந்ததும் டாக்டரம்மா உடனே வயிற்றைக் கிழித்துக் குட்டியை எடுத்தார். அதுவும் செத்திருந்தது. முழுக் குட்டி. புள்ளிகள்கூட வந்திருந்தன, குளம்பு மட்டும் மெழுகுபோல் மெத்தென்று இருந்தது. அதை நான் துணியால் துடைத்தேன். துடைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தாயின் வயிற்றிலிருந்து வாளி வாளியாகப் புளித்த சோறு வந்தது. ஜேசிபி வந்து கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டியது.

அதற்குள் போனில் எல்லாரும் அழ ஆரம்பித்திருந்தார்கள். மெழுகுவத்திப் படம், உடைந்த இதயப் படம், எங்களைத் திட்டி ஆயிரம் பேர். பூங்கா வாசலில் சில பெண்கள் நின்றார்கள். பார்க்க வந்தார்கள் என்று நினைத்தேன். மிச்ச வளையல் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் திட்டிய திட்டை எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து கொல்லையில் கைகழுவிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தேய்த்தும் அந்தப் புளித்த வாடை போகவில்லை. மாமியார் வந்து என் ஈரக் கையைப் பிடித்து இரண்டு கண்ணாடி வளையலை மாட்டினார். அவரும் அழுதிருந்தார்.

"இது எங்க கெடச்சுது, அத்த?"

"நேத்து நானும் அங்க வந்தேம்மே. நீ பார்த்தா வெரட்டுவியேன்னு முக்காடு போட்டுகினு மேல ஏறினேன், கம்பியில மிச்சமிருந்த ரெண்டு வளையல கழட்டிகினேன். என் கையால ஒரு உருண்டை நல்லா துன்னுச்சு, பாவம். அது வாய் வச்ச மிச்சத்தத்தான் உனுக்குக் கொண்டாந்து வச்சேன்."

திட்ட வாயெடுத்தேன். இன்னும் கொஞ்சம் வையுங்க அத்த என்று முந்தின நாள் தட்டை நீட்டியவள் நான்தான்.