எங்கள் தெரு ஆவக்காயும் ஆந்திரா போர்டும்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஊறுகாயை விற்கமாட்டார்கள். கொடுப்பார்கள். சித்திரையில் போட்ட ஆவக்காய் ஜாடியை வைகாசியில் திறந்ததும் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கிருந்து அவர்கள் வீட்டுக் கிண்ணம் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டால் யார் வீட்டு ஊறுகாய் என்று சொல்லிவிடுவோம். கல்யாணம் என்றால் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஜாடி கொண்டுபோய் இறக்குவார்கள். விலைக்கு வாங்கிய ஊறுகாயைப் பந்தியில் வைத்த ஒரு குடும்பத்தைப் பற்றி நான் பிறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தவர்கள், எண்பதுகளின் கடைசியிலும் பேசி முடித்தபாடில்லை.

இப்படிப்பட்ட தெருவில் குடியிருந்துகொண்டு என் அண்ணிக்கு ஊறுகாய்க் கடை வைக்க ஆசை வந்தது.

அண்ணி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு என்பதால் வதினெ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே எல்லாப் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன். எங்கள் தெலுங்கிலேயே பாதிக்கு மேல் தமிழ்தான் என்பதால் மொழிபெயர்க்க ஒன்றும் சிரமமில்லை. அய்யனார் கோவில் போகிற வழியில் உள்ள தோப்புகளிலிருந்து சப்பட்டை மாங்காய் வரும். அதைக் கொட்டை ஓட்டோடு துண்டு போட்டு, கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் பிசறி, கடைசியில் ஒரு உருண்டை கருப்பட்டியைத் தட்டிப்போடுவாள். அந்தக் கருப்பட்டிதான் எங்கள் தெருவின் கைவேலை. அண்ணி போட்ட ஊறுகாயைத் தின்றவர்கள் மறுசோறு கேட்காமல் எழுந்ததில்லை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு ஆசை முளைத்திருக்க வேண்டும். நான் பி.ஏ. முடித்துவிட்டு வரன் வருமென்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வரனைவிடக் கடை சுவாரசியமாக இருக்கும் என்று தோன்றியதால் நானும் சேர்ந்து நச்சரித்தேன்.

அண்ணன் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். சாயங்காலம் தெருவுக்குப் பொதுவான சாவடித் திண்ணையில் பெரியவர்களோடு சமமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதர். அந்தச் சாவடியில் தன் இடம் போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை. ஒரு மாதம் முறைத்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார்.

"நம்ம ஊர்ல வேண்டாம். நம்ம பேரு வெளிய வரக்கூடாது. தெருவுக்குத் தெரிஞ்ச அன்னைக்குக் கடையை மூடிரணும். சரின்னா வச்சுக்கோ."

அண்ணி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அந்த நேரத்தில் தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

கடையை ஸ்ரீவில்லிபுத்தூரில் பிடித்தோம். கோயிலுக்குப் போகிற தெருவில், இரண்டு பால்கோவா கடைகளுக்கு நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கிற அளவு இடம். இடத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்துப் பால்கோவா கடைக்காரர். "எங்க கடைல தின்னு திகட்டிப்போனவன் உங்க கடைக்கு வரட்டும், உங்க கடைல வாய் எரிஞ்சவன் எங்கிட்ட வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். போர்டில் என்ன எழுதுவது என்று பெயிண்டர் கேட்டார். ஊர்ப் பெயர் போடக்கூடாது, ஆள் பெயரும் கூடாது. நாங்கள் விழிப்பதைப் பார்த்து அவரே ஒரு வழி சொன்னார்: "தெலுங்கு பேசுதீய, பொறவு என்ன? ஆந்திரா ஊறுகாய்னு போட்டா அம்புட்டு மவுசு."

அப்படியே எழுதினார். முன்னால் 'ஒரிஜினல்' என்று ஒரு வார்த்தையும் தானாகச் சேர்த்தார். நாங்கள் இருவருமே ஆந்திராவைப் பள்ளிக்கூடத்து மேப்பில்தான் பார்த்திருக்கிறோம்.

தெருவில் கேட்டவர்களிடம் வில்லிபுத்தூருக்குத் தையல் படிக்கப் போகிறோம் என்று சொன்னோம். உடனே நாலு பேர் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார்கள். அந்தத் துணிகளைக் காசு கொடுத்து வேறொருவரிடம் தைத்து வாங்கிக் கொடுத்த கொடுமையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கோயிலுக்கு வந்த தெருக்காரர் யாராவது கண்ணில் பட்டால், இரண்டு பேரும் மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவோம். வாங்க வந்தவர்கள் காலியாக இருக்கிற கடையைப் பார்த்துவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படியும் வியாபாரம் நன்றாகவே நடந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அண்ணியும்தான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பக்கம் நெய்கிற வெள்ளைப் பேண்டேஜ் துணியால் ஜாடி வாயைக் கட்டிக்கொண்டே ஏதாவது பாட்டை முணுமுணுப்பாள்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. ஆடிப்பூரத்துக்கு ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வருவது வழக்கம். அந்த வருஷம் ஒரு கூட்டம் எங்கள் கடை முன்னால் நின்றது. அவர்களைக் கூட்டிவந்த உள்ளூர் ஆள் போர்டைப் படித்துச் சொல்லியிருக்கிறார். சொந்த ஊர் ஊறுகாய் என்று ஏழெட்டுப் பெண்கள் ஆசையோடு கையை நீட்டினார்கள். அண்ணியும் ஆசையோடுதான் வைத்தாள். முன்னால் நின்ற அம்மாள், நாற்பது வயதிருக்கும், வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"இது எந்த ஆந்திரா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

அண்ணி எங்கள் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அந்தக் கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அவர்களுக்கு அது தெலுங்காகவே படவில்லை.

"உங்களுக்கு எந்த ஊரம்மா?"

"ராஜபாளையம்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் ராஜபாளையம்தான்."

அந்த அம்மாள் போர்டைக் காட்டி, பொய்யான போர்டு வைத்துச் சாமி வாசலில் ஆளை ஏமாற்றுகிறாயே என்று சத்தம் போட்டாள். ஆவக்காயில் கருப்பட்டி போடுகிறவளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லையாம். திட்டி முடித்துவிட்டு, அதே மூச்சில், "நல்லாத்தான் இருக்கு, நாலு பாட்டில் கொடு" என்றாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு போகும்போதும் திட்டிக்கொண்டேதான் போனாள்.

எனக்குச் சிரிப்பு. அண்ணிக்கு அப்படியில்லை. ஏமாற்றுகிறாய் என்ற அந்த வார்த்தை அவளைக் குத்திவிட்டது. மறுநாள் காலை பெயிண்டரைக் கையோடு அழைத்து வந்து, "ஆந்திராவை அழிச்சுட்டு ராஜபாளையம்னு எழுதுங்க" என்றாள்.

நான் பதறிவிட்டேன். "வதினெ, தெருவுக்குத் தெரிஞ்சா அண்ணன் கடையை மூடச் சொல்லிருவாரு."

"மூடுனா மூடட்டும். எங்கையால போட்டதை எங்க ஊரு பேரைச் சொல்லி விக்க எனக்கு என்ன வெக்கம்? ஒன்றரை வருசமா மேஜைக்கடியில குனிஞ்சது போதும்."

பெயிண்டர் 'ராஜபாளையம் ஆவக்காய்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாவடிக்காரர் ஒருவர் பால்கோவா வாங்க வந்தவர், போர்டைப் படித்தார், எங்களையும் பார்த்தார். பால்கோவாகூட வாங்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

அன்றைக்கு அண்ணன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "ஆவணியோட கடையைக் காலி பண்ணிரணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு சாவடிப் பக்கம் போகாமல் வீட்டிலேயே பேப்பர் படித்தார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று அண்ணி மீதியிருந்த ஜாடிகளை எண்ணிப் பார்த்து, புதிதாக எதுவும் போடாமல் இருந்தாள். அவள் பாடுவதும் நின்றுவிட்டது. எனக்கு அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இரண்டு நாள் அவருக்குக் காப்பி கொடுக்காமல் இருந்தேன், அண்ணி கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர் பஸ் ஏறிக் கடைக்கே வந்தார்கள். மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று சண்டை பிடிப்பார்கள் என நினைத்துத் தயாராக நின்றேன். ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டார்கள். "ஏட்டி, ஊரு பேரைப் போட்டுட்டு வெந்தயத்தை இம்புட்டுக் கொறைச்சா வச்சிருக்க?" என்றாள் ஒருத்தி. வெந்தயம் சரியாகத்தான் இருக்கிறது, உப்புதான் ஒரு பிடி தூக்கல் என்றாள் அடுத்தவள். கடுகை வறுக்கலாமா கூடாதா என்று மூன்று பேரும் கடை வாசலில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். ஒரு பாட்டில்கூட வாங்கவில்லை. அதற்கு மனசு வராது. ஆனால் அடுத்த வாரமும் வந்து ருசி பார்த்தார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். "பொம்பளைக பேச்சு வேற, சாவடி வேற" என்று எழுந்து போய்விட்டார்.

ஆவணியில் தெருவில் ஒரு பெரிய கல்யாணம். எங்கள் வீட்டு ஜாடியும் போக வேண்டும். வீட்டுக்கென்று வைத்திருந்தது தீர்ந்துவிட்டது. கடைக்கென்று வைத்த ஜாடிதான் மிச்சம் என்று அண்ணி சொன்னாள். அண்ணன் அதைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார்.

பந்தியில் அண்ணன்தான் ஊறுகாய் பரிமாறினார். ஆண்கள் வரிசைக்கு எதிர்வரிசையில் நானும் அண்ணியும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி தன் இலையில் விழுந்த ஊறுகாயைத் தொடவேயில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, "இது யாரு வீட்டு ஊறுகாங்க?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் சாவடிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போர்டைப் படித்தவரும் அதில் இருந்தார். எல்லார் கையும் இலையில் அப்படியே நின்றது.

எங்க வீட்டு ஊறுகாய் என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுத்த இலைக்குப் போயிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஜாடியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு சாவடிக்காரர்கள் வரிசையை ஒரு முறை பார்த்தார்.

"கடை ஊறுகா" என்றார்.

"விலைக்கு வாங்குனதா?"

"வாங்கலை. எங்க கடை. எஞ்சம்சாரம் வில்லிபுத்தூர்ல வச்சு நடத்துறா, ராஜபாளையம் ஆவக்காய்னு போர்டு இருக்கும். அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க. இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

அந்த ஆள் இலையைக் காட்டினார். போர்டைப் படித்த சாவடிக்காரர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, "எனக்கும் ரெண்டு வைப்பா" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அண்ணி நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. இலை ஓரத்தில் கிடந்த துண்டை எடுத்து, ஓட்டோடு சேர்த்து நறநறவென்று கடித்தாள். மென்று முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "வெந்தயம் கொஞ்சம் கம்மிதான்டீ, அடுத்த ஜாடிக்குக் கூடப் போடணும்" என்றாள்.