அடுப்பூத வந்த ஊதுகுழல்

கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களாகவே முடிவு செய்து கட்டிக்கொண்டோமே, அந்தக் கோபம். நான் எதிரில் நின்றாலும் மகனைப் பார்த்துத்தான், "சாப்பிடச் சொல்லுடா" என்பார். என் கணவர் என் பக்கம் திரும்பி, "சாப்பிடச் சொல்றாக" என்பார். கட்சிக்கு ஒரு பத்திரிகை ஊதுகுழலாக இருக்குமே, அப்படி எங்கள் இருவருக்கும் அவர். எனக்கு அழுகையும் வரும், எரிச்சலும் வரும்.

சித்திரைத் திருவிழாவுக்குக் காமயகவுண்டன்பட்டிக் கோயிலில் பொங்கல் வைக்கப் போனோம். புது மருமகள் நான்தான் வைக்க வேண்டும். பால் பொங்கி வழியவில்லை என்றால் என் ராசியைத்தான் பேசுவார்கள். முந்தின நாள் மழையில் தென்னமட்டை ஊறிப்போயிருந்தது. பக்கத்துப் பானைகளெல்லாம் குலவையோடு பொங்க, என் அடுப்பு புகைந்துகொண்டே கிடந்தது. கண் எரிகிறது. வீட்டில் கேஸ் அடுப்பு. ஊதுகுழல் எடுத்துவர யாருக்குத் தோன்றும்?

"சீக்கிரம் போய் ஒரு ஊதுகுழல் வாங்கிட்டு வாங்க!" என்று கணவரிடம் கத்தினேன்.

பக்கத்து அடுப்பில் கேட்டு வாங்கத்தான் சொன்னேன். மனிதர் கடைக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வந்தவர் கையில், பிள்ளைகளுக்கு விற்கும் சிவப்புப் பிளாஸ்டிக் ஊதுகுழல்!

"இதத்தான கேட்ட?"

திட்டக்கூட நேரமில்லை. பிடுங்கி அடுப்புக்குள் நீட்டி மூச்சைக் கட்டி ஊதினேன். 'பேங்' என்றது. சாம்பல் பறந்தது. கோயிலே திரும்பிப் பார்த்தது. வெட்கம் போன இடம் தெரியவில்லை. மறுபடி ஊதினேன். மறுபடியும் 'பேங்'! ஒரு பொறி கிளம்பி அணைந்தது.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"ஏத்தா, அந்தப் பீப்பிய மொதல்ல புடுங்கிப்புட்டு ஊது! அப்பத்தான காத்து போவும்!"

அத்தை! என்னிடம்!

குழல் முனையில் செருகியிருந்த, சத்தம் போடும் அந்தப் பீப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறுங்குழலில் ஊதினேன். குப்பென்று பற்றியது. சிரிப்பும் கண்ணீருமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பால் நுரைத்து ஏறி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அத்தையின் குலவைதான் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்டது.

"அரிசியப் போடு ஆத்தா" என்றார் என்னிடம்.

என் கணவர் பழக்கதோஷத்தில் என் பக்கம் குனிந்தார். "அம்மா அரிசிய..."

"நீ செத்த சும்மா இருடா" என்றார் அத்தை. "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல!"